பார்வைக்கு: காலை ஒன்பது முதல் பத்தரை வரை

சேலையைக் கிழவி மடிப்புக் கலையாமல் இரண்டு கையாலும் திருப்பி நீட்டினாள். இராசமலர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாங்குவதாக இல்லை.

“அழகான சேலை,” என்றாள் கிழவி ஆங்கிலத்தில். “ஆனால் எங்களிடம் எல்லோருக்கும் ஒரே உடுப்புத்தான். வெள்ளை லினன். நீதிபதிக்கும் அதுதான், கூட்டித் துடைக்கிறவருக்கும் அதுதான்.”

“சரி, வெள்ளையே உடுத்துங்கள். நான் உள்ளே வருகிறேன். தண்ணீர் நான் வார்க்கிறேன்.” இராசமலருக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். கோபம் வந்தால் இன்னும் நன்றாக வரும்.

“குடும்பத்து ஆட்கள் உள்ளே வருவதில்லை.”

“நான் அவளுடைய அக்கா.”

“தெரியும். அதனால்தான்.”

கிழவி சேலையை வாசல் கதிரையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதனால்தானாம்! ஒருவரை வெளியே நிறுத்துகிற எல்லோரிடமும் இப்படி ஒரு ‘அதனால்தான்’ இருக்கும். உள்ளே வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒக்லாந்து யூதச் சபைக்காரர்கள் இறந்துபோன தங்கள் ஆட்களின் உடலைக் கழுவுவதற்கென்று வைத்திருக்கிற சின்னக் கட்டடம் அது. உள்ளே கிடந்தது இராசமலரின் தங்கச்சி, பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டொக்டர் குணவதி, ஐம்பத்தாறு வயது. கணையத்தில் புற்றுநோய் என்று தைப்பொங்கலன்று சொன்னார்கள். வைகாசி பிறந்து மூன்றாம் நாள், புதன்கிழமை விடியக்காலம் நாலு மணிக்கு உயிர் போய்விட்டது.

அவளைக் கழுவ உள்ளே நிற்கிற நாலு பேரும் யார்? ஒருத்தி பல் வைத்தியர். ஒருத்தி வயலின் சொல்லிக்கொடுப்பவள். மற்றவளை யாரென்றே தெரியாது. தலைவி இந்தக் கிழவி எஸ்தர், எண்பது வயது, மூட்டு வீங்கிய கைகள். அவர்களுக்கெல்லாம் இடம் உண்டு, கூடப் பிறந்தவளுக்கு இல்லை.

காரில் சோதிலிங்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்தினார்.

“என்னவாம்?”

“சீலை வேண்டாமாம். நானும் வேண்டாமாம்.”

“அவையின்ர முறை அதெண்டால் நாங்கள் என்ன செய்யிறது? விடும் மலர்.”

“எப்பிடி விடுறது? சொல்லுங்கோ பாப்பம். ஊர் பேர் தெரியாத வெள்ளையளை இருபது வரியமாக் கழுவுறன். என்ர தங்கச்சியைக் கழுவ எனக்குத் தெரியாதோ?”

அது உண்மைதான். பிளாட் புஷ்ஷில் வீட்டுக்குக் கிட்டவே ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. எழும்ப முடியாதவர்களைப் புரட்டுவது, துடைப்பது, செத்தவர்களைப் பிள்ளைகள் வருமுன் சுத்தம் செய்து தலை வாரி விடுவது. அன்று விடியவும் அங்கேதான் நின்றாள். நாலு மணிக்கு ஒரு கிழவருக்குப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். போன் அலுமாரிக்குள் கிடந்தது. ஆறு மணிக்கு எடுத்துப் பார்த்தபோது ஏழு அழைப்பு.

குணவதி பிறந்தபோது இராசமலருக்கு ஒன்பது வயது. பிள்ளை பெற்ற அம்மா காய்ச்சலோடு படுத்துவிட்டார். மாமி பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல, காலை நீட்டி, அதன்மேல் பிள்ளையைக் கிடத்தி, தண்ணீர் வார்த்தவள் இராசமலர். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, துடக்குக் கழிகிற முப்பத்தொரு நாளும். முதல் தண்ணீர் வார்த்த கைதான் கடைசித் தண்ணீரும் வார்க்கவேண்டும் என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லை. அது அவள் தானாக எழுதிக்கொண்ட சாத்திரம். தங்கச்சிக்கு வருத்தம் என்று கேட்ட நாளிலிருந்து அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்ற எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டாயிற்று.

பொறாமை என்று சொன்னால் அவளுக்குக் கண்மண் தெரியாத கோபம் வரும். ஆனால் வேறு என்ன சொல்வது? தமிழ்க்கடைக்குப் போனால் யாராவது ஒரு பெண் தள்ளுவண்டியோடு வந்து மறிப்பாள். “நீங்கள் டொக்டர் குணாவின்ர அக்காவெல்லே?” என்று தொடங்கி, தன் பிள்ளைக்கு வலிப்பு வந்ததும், டொக்டர் பக்கத்திலேயே இருந்ததும், பிறகு குளிர் வீட்டை மாற்றித் தரச்சொல்லி அரசாங்கத்துக்கு நாலு கடிதம் எழுதியதும் எல்லாம் சொல்லுவாள். இராசமலர் கத்தரிக்காயைப் பொறுக்கியபடி ஓம் ஓம் என்பாள். அவளுக்கு ஒரு பேர் உண்டு என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

கலியாணமும் அப்படித்தான். குணவதி டொக்டராக இங்கே வந்து இரண்டாம் வருடம், ரூபன் என்று ஒருவரை முடிக்கப்போகிறேன் என்று எழுதினாள். அம்மா நல்ல பேராயிருக்கே, எந்த ஊர்ப் பொடியன் என்று சந்தோஷப்பட்டார். படம் வந்த பிறகுதான் ஆள் யூதர் என்று தெரிந்தது. மதம் மாறினாள். அதைக்கூட இராசமலர் மன்னித்திருப்பாள். ஏனோதானோ என்று மாறியிருந்தால்! இவளோ பிறந்ததிலிருந்தே யூதராக இருப்பவர்களைவிட மும்முரம். வெள்ளிக்கிழமை பின்னேரம் மெழுகுதிரி ஏற்றி, அப்பத்தை மூடி வைத்து, வீடு நிறைய ஆட்களைக் கூப்பிட்டு இருத்துவாள். ஆஸ்பத்திரிப் போன் மட்டும் பக்கத்திலேயே இருக்கும். பிள்ளையின் உயிர் என்றால் ஓய்வுநாளை முறிக்கலாமாம், அதற்கும் அவர்களிடம் சட்டம் உண்டாம். அந்த மேசையில் இராசமலருக்கும் எப்போதும் ஒரு கதிரை இருந்தது. பத்துப் பதினைந்து கதிரையில் ஒன்று.

எல்லாவற்றையும்விட ஆறாத புண் குடிபூரல் அன்று நடந்தது. சோதிலிங்கமும் அவளும் இருபது வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு பிளாட் புஷ்ஷில் சொந்த வீட்டுக்குள் போன நாள். பால் பொங்குகிற நேரம் குணவதியின் போன் அடித்தது.

“அக்கா, ஒரு ஆள் செத்துப்போச்சு. கழுவப் போகவேணும்.”

“ஆர்? தெரிஞ்ச ஆளோ?”

“தெரியாது.”

“தெரியாத ஆளுக்கோ பால் பொங்கேக்க விட்டிட்டு ஓடுறாய்?”

“செத்த ஆள் நன்றி சொல்லாதக்கா. அதுதான் அந்த வேலையில எனக்கு விருப்பம்.” சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கார் இன்னும் நின்ற இடத்திலேயே நின்றது. இராசமலர் போனை எடுத்துத் தட்டத் தொடங்கினாள். தமிழ்க் கோயில் சபையின் வாட்ஸப் குழுவில் முந்நூறு பேர் இருக்கிறார்கள். மரண அறிவித்தல் எழுத அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

‘யாழ். கோப்பாயைப் பிறப்பிடமாகவும் ஒக்லாந்து எப்சத்தை வதிவிடமாகவும் கொண்ட வைத்திய கலாநிதி குணவதி அவர்கள் புதன்கிழமை காலமானார். அன்னார் இராசமலரின் ஆருயிர்ச் சகோதரியும், ரூபனின் அன்பு மனைவியும், தாலியாவின் பாசமிகு தாயாரும் ஆவார். அன்னாரின் பூதவுடல் வியாழன் காலை ஒன்பது மணி முதல் பத்தரை வரை வைக்குமேட்டே மயான மண்டபத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டு, பின்னர் நல்லடக்கம் செய்யப்படும்.’

சோதிலிங்கம் எட்டிப் பார்த்தார். ரூபனின் பேருக்கு முன்னால் அவள் தன் பேரைப் போட்டிருப்பதைக் கண்டார்.

“பார்வைக்கோ? அவை பெட்டியைத் திறக்கிறேல்லையெல்லே. ரூபன்ர தாயின்ர செத்தவீட்டில பாத்தனாங்கள்தானே.”

“சனம் வந்து நிண்டால் திறப்பினம்.”

“மலர், நீர் செய்யிறது சரியில்லை.”

“எனக்கு அவளின்ர முகத்தைப் பாக்கவேணும்,” என்றாள். பிறகு அனுப்பினாள்.

எப்சத்தில் குணவதியின் வீட்டுக்கு அவர்கள் போனபோது வாசலில் சாப்பாட்டுச் சட்டிகள் வரிசையாக இருந்தன. கேட்டில் பிள்ளைகள் கீறிய படங்களை யாரோ கட்டிவிட்டிருந்தார்கள். குணவதி வைத்தியம் பார்த்த பிள்ளை ஒன்றின் சமோவன் தாய் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வெளியாள் இவ்வளவு சத்தம் போட்டு அழுதால் அக்காக்காரி எவ்வளவு அழவேண்டும்? இராசமலருக்கு எரிச்சல்தான் வந்தது, கண்ணீர் வரவில்லை.

ரூபன் உள்ளே போனில் யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தான். தாலியா குசினியில் தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றாள். இருபத்துநாலு வயது. தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். ‘பெரியம்மா’ மட்டும் சுத்தமாக வரும்.

“நீ பக்கத்தில இருந்தனியோ பிள்ளை?”

“ஓம். கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.”

“கடைசியா என்ன சொன்னவ?”

தாலியா கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். “ஆறாம் கட்டில் பிள்ளைக்கு இரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா என்று கேட்டார். அம்மா கடைசியாக வேலைக்குப் போய் நாலு மாதம், பெரியம்மா. அந்தப் பிள்ளை எப்போதோ வீட்டுக்குப் போயிருக்கும்.”

“வேற?”

“அவ்வளவுதான். பிறகு நித்திரை.”

“என்னைக் கேக்கேல்லையோ?”

தாலியா தாயைப் போல, பொய் சொல்லத் தெரியாதவள். துவாயை எடுத்தாள். கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். இராசமலர் அடுத்த கோப்பையை எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.

வியாழன் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு மயான மண்டபத்து வாசலில் தமிழ்ச்சனம் அறுபது எழுபது பேர் குடையோடு நின்றார்கள். கோயில் செயலாளர் மகேசன் கிளென்ஃபீல்டிலிருந்து பாலத்தைத் தாண்டி, நெரிசலில் ஒன்றரை மணித்தியாலம் ஓடி, ஆள் உயர மாலையோடு வந்திருந்தார். மல்லிகை கிடைக்காமல் வெள்ளைச் செவ்வந்தியில் கட்டியது. உள்ளே ஒரு பைன் மரப்பெட்டி. பூ இல்லை, படம் இல்லை, கைப்பிடிகூடக் கயிற்றில்தான். மூடி மூடியபடி.

“தங்கச்சி, எத்தினை மணிக்குத் திறக்கினம்?” மகேசன் மெல்லக் கேட்டார். “சனம் முகம் பாக்க நிக்குது.”

“இப்ப திறப்பினம் அண்ணை,” என்றாள் இராசமலர்.

ரூபன் வந்தான். இரண்டு நாள் தாடி. அறிவித்தலைக் குணவதியோடு வேலைசெய்த ஒரு தமிழ்த் தாதி அவனுக்கு ஆங்கிலத்தில் சொல்லியிருந்தாள். கோபித்துக்கொண்டு வருவான் என்று இராசமலர் வாயைத் தீட்டி வைத்திருந்தாள். அவன் கோபிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

“அக்கா,” என்றான். அதுதான் அவனுக்குத் தெரிந்த தமிழ். மற்றதெல்லாம் ஆங்கிலம். “திறக்கமாட்டேன்.”

“ஒரு நிமிடம் போதும்.”

“நம்மைத் திரும்பிப் பார்க்க முடியாத ஒருவரை நாங்கள் பார்ப்பதில்லை. குணா பதினைந்து வருடம் எத்தனையோ பேரைக் கழுவி, மூடி அனுப்பினாள். ஒருவருக்கும் திறக்கவில்லை. அவளுக்கு மட்டும் நான் எப்படித் திறப்பது?”

அவ்வளவுதான், அவளுக்கு ஆங்கிலம் போய்விட்டது.

“நேற்றுக் கழுவ விடேல்லை. இண்டைக்குப் பாக்க விடேல்லை. நான் ஆர் உங்களுக்கு? றோட்டில போறவளோ? நான் தூக்கி வளத்த பிள்ளை! உங்கட கோயில் வந்து எடுத்தது, ஆஸ்பத்திரி வந்து எடுத்தது, ஊர்ப்பிள்ளையள் எல்லாம் வந்து எடுத்தது. எனக்கு எண்டு என்ன மிச்சம் விட்டனீங்கள்?”

மண்டபம் முழுவதும் கேட்டது. வாசலில் நின்ற எழுபது பேருக்கும் ஒரு சொல் விடாமல் விளங்கியது. யாருக்குச் சொன்னாளோ அவனுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. சோதிலிங்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாலியாவுக்கு விளங்கியது. அவள் விறுவிறென்று போய் எஸ்தரின் காதில் ஏதோ சொன்னாள்.

எஸ்தர் கையில் ஒரு சின்னக் கத்தரிக்கோலோடு வந்தாள்.

“உங்களைத்தான் கூப்பிட இருந்தேன். மூன்று பேர் இப்படி வாருங்கள். கணவர், மகள், அக்கா.”

இராசமலர் அசையவில்லை. “எதற்கு?”

“பெட்டி குழிக்குப் போகுமுன் உரியவர்கள் தங்கள் உடுப்பைக் கிழிக்கவேண்டும். உரியவர் யார் யார் என்று எங்கள் சட்டத்தில் கணக்கு இருக்கிறது. பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், கட்டினவர். இவ்வளவு பேர்தான். எவ்வளவு நெருங்கிய சிநேகிதி என்றாலும் எனக்குக் கிழிக்க உரிமை இல்லை. கிழிக்கிறவர்களைக் கழுவ விடுவதும் இல்லை, அவர்களால் தாங்க ஏலாது என்று. நேற்று வாசலில் அதைத்தான் சொன்னேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “நீங்கள் எங்கள் மதம் இல்லை. விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம்.”

இராசமலர் அந்தக் கைகளைப் பார்த்தாள். நேற்றுத் தங்கச்சியைத் தொட்ட கைகள், எல்லாருக்கும் கடைசியாகத் தொட்ட கைகள். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும்போலவும் இருந்தது, தட்டிவிடவேண்டும்போலவும் இருந்தது.

“தண்ணீர் குளிரா?” என்று கேட்டாள்.

“இல்லை. இளஞ்சூடு. ஊற்றுமுன் நானே கையில் பார்த்தேன்.”

“தலைக்கும் ஊற்றினீர்களா?”

“தலையிலிருந்து கால்வரை. இடையில் நிறுத்தாமல்.”

அவள் தலையை ஆட்டினாள். வேலையில் அடுத்த ஆள் முறைக்கு வரும்போது கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

ரூபன் கோட்டின் கழுத்து மடிப்பைக் கிழித்தான். தாலியாவுக்கு எஸ்தர் உதவி செய்தாள். இராசமலரின் வெள்ளைப் பருத்திச் சேலையின் விளிம்பில், மார்புக்கு நேரே எஸ்தர் கத்தரிக்கோலால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டாள். மிச்சத்தை அவளே கிழிக்கவேண்டும் என்றாள். இராசமலர் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாள். நாலு விரல் அகலம் போதும் என்று சொல்லியிருந்தார்கள். அது ஒரு சாணுக்குமேல் போய்விட்டது. கிழிகிற சத்தத்துக்கு வாசலில் நின்ற தமிழ்ப்பெண்கள் சிலர் “ஐயோ” என்றார்கள்.

அந்த நேரத்திலும் பாருங்கள், இராசமலர் சுற்றிவர ஒருதரம் பார்த்தாள். பல் வைத்தியரின் உடுப்பு நன்றாக இருந்தது. வயலின்காரியின் உடுப்பும் நன்றாக இருந்தது. படியில் இருந்து அழுத சமோவன் தாயின் உடுப்பிலும் கிழிசல் இல்லை. மூன்றே மூன்று பேர்தான். அவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததில் வெட்கமும் வந்தது.

மகேசன் மாலையைத் தூக்க முடியாமல் கை மாற்றிக்கொண்டு மறுபடி வந்தார். “தங்கச்சி, முகம்...?”

“பாக்கேலாது அண்ணை.”

“ஒரு கணம்கூடவோ?”

“ஒரு கணமும் பாக்கேலாது. ஒருத்தரும் பாக்கேலாது.” அந்த ‘ஒருத்தரும்’ கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது. “மாலையும் போடுறேல்லை இஞ்ச. பின்னுக்கு நிண்டு வாங்கோ.”

குழி கிட்டத்தில்தான். பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். பக்கத்தில் ஈர மண் குவியல், அதில் ஒரு மண்வாரி குத்தியிருந்தது. பிரார்த்தனை நடத்திய யூத மதகுரு எல்லோருக்கும் விளங்கும்படி சொன்னார்: மண் போடுவதை இயந்திரத்துக்கு விடமாட்டோம். ஆளுக்கு மூன்று தரம். விருப்பத்தோடு செய்கிற வேலை இல்லை என்று காட்ட, முதல்தரம் மண்வாரியைப் புறம் திருப்பிப் பிடித்து அள்ளவேண்டும். முடிந்ததும் அடுத்தவர் கையில் கொடுக்காமல் குவியலில் குத்திவிட்டு விலகவேண்டும்.

ரூபன் புறத்தால் அள்ளினான். ஒரு பிடி மண் பலகையில் விழுந்து பொத்தென்றது. மூன்றாவதையும் போட்டு, மண்வாரியைக் குவியலில் குத்திவிட்டு விலகினான். தாலியா கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். பிறகு எல்லோரும் இராசமலரைப் பார்த்தார்கள்.

அவள் கிழிந்த சேலையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். ஊரில் பெண்கள் சுடலைக்கே போவதில்லை. மண்வாரியைப் புறம் திருப்பி ஒருதரம் போட்டாள். பிறகு நேரே திருப்பி நிறைய அள்ளிப் போட்டாள். மூன்று. எஸ்தர் மெல்ல முன்னுக்கு வந்து தன் முறைக்கு நின்றாள்.

இராசமலர் நாலாவது அள்ளினாள். ஐந்தாவது. எழும்ப முடியாதவர்களை இருபது வருடம் தூக்கிப் புரட்டிய முதுகு அவளுக்கு. ஆறாவது, ஏழாவது. பிறகு ஒருவரும் எண்ணவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது. தாதிமார், தொப்பி வைத்த யூதக் கிழவர்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்த தாய்மார், மாலையோடு மகேசன். எல்லோரும் ஆளுக்கு மூன்று வாரி மண்ணுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

சோதிலிங்கம் வந்து முழங்கையைத் தொட்டார்.

“மலர், காணும். குத்திப்போட்டு வாரும். சனம் நிக்குது.”

“நிக்கட்டும்.”

மதகுரு ரூபனைப் பார்த்தார். ரூபன் தடுக்கவேண்டாம் என்று தலையை ஆட்டினான். பெட்டியின் கால்மாட்டில் ஒரு மூலை இன்னும் தெரிந்தது. இராசமலர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய், சேற்றில் காலை ஊன்றி நின்று, மண்வாரியை ஆழமாகக் குத்தினாள்.